ஐறீன் மாற்றி வைத்த அறை

கொட்டாஞ்சேனையில் பல் வைத்தியர் சவுந்தரநாயகத்தின் கிளினிக்கில் ஐறீன் பத்தொன்பது வருடமாக உதவியாளர். அவளிடம் வேலை பழகிய லவினா, வெள்ளவத்தையில் புதிதாகத் திறந்த கிளினிக்குக்குப் போய்விட்டாள். "ஒருக்கா வந்து பாருங்கோ அக்கா" என்று விடாமல் கூப்பிட்டதால், ஒரு சனிக்கிழமை ஐறீன் பஸ் ஏறினாள்.

போயிருக்கக் கூடாது.

கருவிகளைச் சுத்தம் செய்யவென்றே அங்கே தனி அறை. பாவித்தவை ஒரு பக்கத்தால் வரும். கழுவி, உறையில் போட்டு, நீராவியில் அவிக்கும் மெஷினுக்குள் போய், மறுபக்கத்து அலுமாரியில் ஏறும். ஒரு கருவித் தட்டும் வந்த வழியே திரும்பாது. கை கழுவ வேறு பேசின். குழாயை முழங்கையால் தட்டினால் போதும். தரை சுவரோடு சேரும் இடத்தில் மூலை வைக்காமல் வளைத்து விட்டிருந்தார்கள். அழுக்குத் தங்காதாம்.

"பிளான் கீறேக்க என்னட்டயும் கேட்டவை அக்கா. அலுமாரி எங்க வேணும் எண்டு நான்தான் சொன்னனான்," என்றாள் லவினா.

"நல்லாத்தான் இருக்கு."

தந்த தேத்தண்ணியை ஐறீன் பாதியிலேயே வைத்துவிட்டாள். ஒரு ஆணி எங்கே அடிப்பதென்றுகூட அவளை யாரும் கேட்டதில்லை. அவளுடைய கிளினிக்கில் ஒரே பேசின். கையும் அதில்தான், இரத்தம் பட்ட கருவியும் அதில்தான். பக்கத்திலேயே அவித்தெடுத்த தட்டுகள் ஆறும். தண்ணீர் தெறிக்காமலிருக்க அவளே ஒரு பழைய துவாயை மறைப்பாகக் கட்டியிருந்தாள். தனது கெட்டித்தனமென்று அதை நினைத்திருந்தவளுக்கு இப்போது உடம்பு கூசியது.

"அங்க எப்பிடி?" என்று திங்கட்கிழமை டொக்டர் கேட்டார்.

"சும்மா ஷோ டொக்டர்."

சொல்லிவிட்டாளே தவிர, அந்த வாரம் முழுக்க லவினாவின் அறைதான் கண்ணுக்குள் நின்றது. வெள்ளிக்கிழமை டொக்டரிடம் இன்னொரு பேசின் கேட்டாள். ஜிந்துப்பிட்டியிலிருந்து குழாய் வேலைக்காரன் புஷ்பராஜ் வந்து பூட்டிக் கொடுத்தான். மெஷினை ஜன்னல் பக்கம் இழுத்து, அதற்கப்பால் அலுமாரியை வைத்து, மேசை நடுவே சிவப்பு ஒட்டுநாடாவால் ஒரு கோடு போட்டாள். இந்தப் பக்கம் பாவித்தது, அந்தப் பக்கம் சுத்தம். துவாய் குப்பைக்குப் போனது.

டொக்டர் நின்று பார்த்தார். "இவ்வளவு காலமும் எனக்கு இது ஓடேல்லையே. ஆற்ற ஐடியா?"

"என்ர தான் டொக்டர்."

அடுத்த மாதம் லவினா கல்யாணக் கார்டோடு வந்தாள். டொக்டர் விடவில்லை, அறைக்கே கூட்டிப்போனார். "பாருங்கோ, முழுக்க ஐறீன்ர மூளை."

ஐறீனின் காது சுட்டது. லவினா சிவப்புக் கோட்டைப் பார்த்தாள், அலுமாரியைப் பார்த்தாள்.

"அக்காவுக்கு எப்பவும் கை சுத்தம்தானே டொக்டர்," என்றாள்.

டொக்டர் போனபின் குரலைத் தாழ்த்தினாள். "மெஷின்ர கதவைத் திறக்கேக்க ஆவி அலுமாரியில அடிக்கும் அக்கா. உறையெல்லாம் ஈரமாகும். கொஞ்சம் தள்ளி வையுங்கோ."

"தெரியும். தள்ளத்தான் இருந்தனான்."

காட்டிக்கொடுத்திருந்தால் அவளோடு ஒரு மாதம் கோபித்திருக்கலாம். காப்பாற்றிவிட்டுப் போகிறவளை என்ன செய்வது? கார்டைப் பிரிக்காமலே மேசையில் போட்டுவிட்டு, லவினா படியிறங்கும் வரை ஐறீன் காத்து நின்றாள். பிறகு அலுமாரியை ஒரு முழம் தள்ளி வைத்தாள். அவள் சொன்னது சரிதான். அதுதான் இன்னும் எரிந்தது.