யானையின் முதுகில் ஒரு கோடு

நீங்கள் இரண்டு பேரும் ஒவ்வொரு சங்கராந்திக்கும் கேட்கிற கேள்விதான். நம் வீட்டுச் சக்கரை அச்சில் யானைக்கு மட்டும் முதுகில் ஏன் ஒரு கோடு? சின்னவனே, நீ அப்போது கைக்குழந்தை. பெரியவளே, உனக்குப் பாதி நினைவிருக்கும். மீதியை நான் எழுதி வைக்கிறேன். எனக்கு எழுத்து அதிகம் வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அந்த ஐப்பசி மழையில்தான் உங்கள் அம்மா காய்ச்சலில் போனாள். அப்போது மண்டி மொஹல்லாவுக்குப் பின்னால் வட்டாரம் என்கிற கூட்டுக் குடியிருப்பில் இருந்தோம். ஒரே வாசல், உள்ளே வரிசையாக வீடுகள், நடுவில் ஒரு கிணறு. காரியம் முடிந்து எல்லாரும் ஊருக்குப் போனார்கள். கொள்ளேகாலத்திலிருந்து வந்த என் அக்கா, உங்கள் அத்தை, மட்டும் உங்களைப் பார்த்துக்கொள்ளத் தங்கினாள். நான் ரயில் பட்டறைக்குப் போனேன், வந்தேன். தட்டில் வைத்ததைச் சாப்பிட்டேன். அழுகை வரவில்லை. வேறு எதுவும்கூட வரவில்லை.

உங்கள் அம்மா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த மரப்பெட்டி ஒன்று உண்டு. அதில் சக்கரை அச்சுகள்: கிளி, யானை, துளசி மாடம், மீன். ஒவ்வொன்றும் இரண்டு பாதியாகச் செதுக்கிய மரம். இரண்டையும் சேர்த்துக் கட்டி, பாகு ஊற்றி, இறுகியதும் பிரித்தால் வெள்ளைக் கிளி வரும். சங்கராந்தி அன்று எள்ளு, வெல்லம், கொப்பரைத் துண்டுகளோடு அதையும் தட்டில் வைத்துச் சிறுமிகள் வீடு வீடாகக் கொடுத்து வருவார்கள். வட்டாரத்துப் பெண்கள் எல்லாரும் தங்கள் சக்கரையை நம் வீட்டுக்குக் கொண்டுவந்து உங்கள் அம்மா கையால்தான் ஊற்றிக்கொள்வார்கள். அவளுக்குத்தான் பதம் தெரியும் என்பார்கள்.

அந்த வருஷம் ஒருவரும் வரவில்லை. இழவு நடந்த வீட்டில் போய் எப்படிக் கேட்பது?

மார்கழி முடியும்போது பெரியவள் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"அப்பா, அச்சை எப்போ நனைப்பீங்க?"

அத்தைதான் பதில் சொன்னாள். "இந்த வருசம் இல்ல கண்ணு. ஒரு வருசத்துக்கு இந்த ஊட்டு அடுப்புல இனிப்புச் சட்டி ஏறப்படாது."

"பண்டிகைக்கு வேண்டாம் அத்தை. வருஷத்துக்கு ஒரு தடவை சக்கரை குடிக்கலேன்னா மரம் வெடிச்சிடும்னு அம்மா சொன்னா."

"வெடிச்சா வெடிக்கட்டும் சாமி. மரந்தானே."

பெரியவள் அதற்குப்பிறகு அத்தையோடு பேசவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அம்மாவின் புடவை வேண்டாம், வளையல் வேண்டாம். அச்சு வெடிக்கக் கூடாது, அவ்வளவுதான். அது எனக்கு விளங்கியது. விளங்கியும் கையைத் தூக்கி எதையும் செய்யத் தோன்றவில்லை.

பக்கத்து வீட்டு அம்மாள் கன்னடக்காரர். நம்மோடு பேசிப் பேசி அவருக்கென்று ஒரு தமிழ் வந்திருந்தது. கிணற்றடியில் குழந்தை அழுததைப் பார்த்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டு நேராக நம் வாசலுக்கு வந்தார்.

"அக்கா, உங்க அடுப்பு பேடா, வேண்டாம். என் அடுப்பு, என் சக்கரே. பெட்டி மட்டும் குடுங்க."

"கேதம் நடந்த ஊட்டுச் சாமானம்மா. உங்க பண்டிகைக்கு ஆகுமா?" என்றாள் அத்தை.

"மரத்துக்கு ஏது சூதகா? அது செத்தே எத்தனை வருஷம் ஆச்சு!"

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "என்னமோ போங்க. ஏண்டா தம்பி, எடுத்துக் குடு," என்றாள்.

நான் பெட்டியைத் திறந்தேன். யானை அச்சின் ஒரு பாதியில் நீளமாக விரிசல். பெரியவள் அதை விரலால் தடவினாள். "நான் சொன்னேன்ல," என்று மட்டும் சொன்னாள். பட்டறையில் குழாய்க்குக் கட்டுகிற மெல்லிய கம்பியால் அதை இறுக்கிக் கட்டினேன். கை தானாகச் செய்தது.

பக்கத்து வீட்டில் அண்டாத் தண்ணீரில் அச்சுகளைப் போட்டோம். தண்ணீர் மரத்தில் ஊறாமல் சேப்பங்கிழங்கு இலையில் உருள்வதுபோல் உருண்டது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. யுத்த காலம், சக்கரை ரேஷன் கார்டுக்குத்தான் கிடைக்கும். அதனால் அந்த அம்மாள் முதலில் கொஞ்சமாகக் காய்ச்சினார். ஒரு கரண்டி பால் விட்டு அழுக்கெடுத்து, துணியில் வடிகட்டி, பால்போல் வெளுக்கும்வரை கிண்டி ஊற்றினார். கிளிகள் ஒவ்வொன்றாக வழுக்கிக்கொண்டு வெளியே வந்தன. ஒரு மூக்குகூட உடையவில்லை.

பெரியவள் ஒன்றை என்னிடம் நீட்டினாள். "நீங்க தின்னு சொல்லுங்க."

தின்றேன். முழுக் கிளியையும் தின்றேன். "நல்லா இருக்கு," என்றேன்.

அந்த அம்மாள் இன்னொன்றைக் கடித்தார். உடனே முற்றத்துக்கு ஓடித் துப்பினார்.

"அய்யோ ராமா! விளக்கெண்ணெ!"

பெரியவள் அச்சை மூக்கில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். உங்கள் அம்மா போன மறுவாரம் அந்தப் பெட்டியைத் திறந்து, பட்டறைக் கருவிகளுக்குச் செய்வதுபோலவே, ஒவ்வொரு அச்சுக்கும் எண்ணெய் பூசித் துடைத்து வைத்திருந்தேன். மரம் கெடாமல் இருக்கட்டும் என்று. வீட்டில் கைக்குக் கிடைத்தது விளக்கெண்ணெய்.

"இதை வீடு வீடா பீரினா பண்டிகை அன்னைக்கு வட்டாரம் முழுக்க வயத்தால போகும்," என்று அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணா, நீங்க ஒரு கிளி முழுசா சாப்பிட்டீங்க. நாளைக்குப் பட்டறைக்கு லீவு சொல்லிடுங்க!"

வாசலில் நின்ற அத்தையும் சிரித்தாள். அந்த மழைக்குப் பிறகு நம் வீட்டார் சிரித்தது அன்றுதான். நான் சிரிக்கவில்லை. பெரியவளும் சிரிக்கவில்லை.

"அப்பா, உங்களுக்குக் குமட்டலையா?"

"தெரியலம்மா."

அவள் அச்சுகளைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். சுடு கஞ்சியும் சீயக்காயும் போட்டுத் தேய்த்தோம். முகர்ந்து பார்த்து, மறுபடி தேய்க்கச் சொன்னாள். அவள் மூக்கு ஒப்புக்கொள்ளும்வரை தேய்த்தோம். பிறகு போட்ட தண்ணீரை மரம் மெதுவாகக் குடித்தது. மறுநாள் காலையில் அந்த அம்மாள் மறுபடி பாகு காய்ச்சினார். சேதி கேட்டு மற்ற வீட்டுப் பெண்களும் சக்கரைக் கிண்ணத்தோடு அங்கேயே வந்தார்கள். நம்மைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, பதத்தைப் பற்றியே பேசினார்கள்.

யானையைப் பிரித்தபோது, விரிசலில் புகுந்த பாகு முதுகில் ஒரு மெல்லிய வரம்பாக நின்றது. அதைச் சீவிவிடக் கத்தியை எடுத்தேன். "வேண்டாம்," என்றாள் பெரியவள்.

அந்த வருஷம் அவள் தட்டெடுத்துப் போகவில்லை. போகக் கூடாது என்று அவளுக்கே தெரியும். சங்கராந்தி அன்று பக்கத்து வீட்டுத் தட்டு நம் வீட்டுக்கு வந்தது. எள்ளு வெல்லத்தின் மேல் அந்த யானை. அத்தை வாங்கிக்கொண்டு, துக்க வருஷம் என்பதால் திருப்பி ஒன்றும் வைக்காமல் வெறும் தட்டைக் கொடுத்தாள்.

பெரியவள் யானையை எடுத்து என் முன்னால் வந்து நின்றாள்.

"எள்ளு வெல்லம் தின்னு நல்ல வார்த்தை பேசணும்பா," என்று தட்டு கொடுப்பவர்கள் சொல்வதைச் சொன்னாள்.

அதன் தலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டேன். "நல்லா இருக்கு," என்றேன்.

"கிளிக்கும் இதையேதான் சொன்னீங்க."

அவள் மீதி யானையைத் திருப்பிப் பிடித்தாள். பிறகு கோடிருந்த முதுகைக் கடித்து நிதானமாகச் சுவைத்தாள்.

"இது இனிப்புதான்பா," என்றாள். "நான் பாத்துட்டேன்."

அச்சுகளை நிழலில் காயவைத்து, அவளே ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினாள். விளக்கெண்ணெய்ப் புட்டியை எடுத்து என் கைக்கு எட்டாத மேல் தட்டில் வைக்கும்படி அத்தையிடம் சொன்னாள். அத்தையோடு அவள் மறுபடி பேசியது அப்போதுதான்.