பூஜ்ஜியம் என்று வந்த தண்ணீர் பில்

டெல்லி கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் இருந்தவரை, தண்ணீருக்கென்று தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்பதையே நாங்கள் நினைத்துப் பார்த்ததில்லை. சம்பளத்தில் பிடிக்கிற எத்தனையோ பிடித்தங்களோடு அதுவும் போய்க்கொண்டிருந்தது. ஓய்வு பெறப் போகிற நேரத்தில் மயூர் விஹாரில் ஒரு தரைத்தள வீட்டை வாங்கிக் குடிவந்தோம். எங்களுக்கு விற்றவர் ஒரு சர்தார்ஜி. எழுபதைத் தாண்டியவர், வெள்ளைத் தாடி, கணீரென்ற குரல். நொய்டாவில் மகன் வாங்கியிருந்த அடுக்குமாடி வீட்டுக்கு அவரும் மனைவியும் போய்விட்டார்கள். சாவியைக் கொடுத்த அன்று என்னை ஒவ்வொரு அறையிலும் நிறுத்தி, எந்தக் கதவு மழைக்காலத்தில் பிடித்துக்கொள்ளும், எந்த சுவிட்ச் எதற்கு என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். தண்ணீர் பில்லைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாடி வீட்டு வங்காளி அம்மாள்தான் முதலில் அந்தப் பேச்சை எடுத்தார். டெல்லியில் ஒரு வீட்டுக்கு இவ்வளவு தண்ணீர் என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள், அதற்குள் செலவழித்தால் பில் பூஜ்ஜியம், தாண்டினால் முழுசாகக் கட்ட வேண்டும் என்று அவர் சொன்னதும் என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். தனக்கு வசதியாயிருக்குமா என்றுகூட யோசிக்கவில்லை. அன்றைக்கே எங்கள் வீட்டில் சட்டங்கள் வந்துவிட்டன.

துணி துவைக்கும் மெஷினின் வடிகுழாய் வாளிக்குள் போயிற்று. அந்தத் தண்ணீரில்தான் குளியலறை கழுவ வேண்டும். குடிதண்ணீர் மெஷின் கழித்துத் தள்ளும் தண்ணீரில் வீடு துடைக்க வேண்டும். அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைத் தொட்டிக்கு. எனக்குக் குளிக்க ஒரு வாளி. ஷவரைத் திறந்தால், எந்த மூலையில் இருந்தாலும் அவளுக்குக் கேட்டுவிடும்.

"என்ன, குத்தாலத்துல நிக்கதா நெனப்பா? மூடுங்க!"

நானும் மூடிவிடுவேன்.

ஒருநாள் மீட்டர் படிக்கிறவர் வந்தார். பில் எவ்வளவு என்று மனைவி கேட்டதற்கு, "மொபைல் பே ஆ ஜாயேகா", மொபைலில் வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் மொபைலிலும் வரவில்லை, அவள் மொபைலிலும் வரவில்லை. சில வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வீட்டு ஆவணங்களோடு சர்தார்ஜி கொடுத்திருந்த பழைய ரசீதிலிருந்து இணைப்பு எண்ணைப் பார்த்து இணையத்தில் தேடினேன். பெயர் இன்னும் சர்தார்ஜியுடையதுதான். கட்ட வேண்டிய பாக்கி: பூஜ்ஜியம்.

"பெருசு பண்ணுங்க" என்றாள். எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள். "பாத்தியளா? நான் சொல்லலை?"

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் பார்ப்பேன், ஒவ்வொரு தடவையும் பூஜ்ஜியம் இருக்கும். கோவிலில் பிரசாதத்துக்கு நிற்கிற வரிசையில் சொல்லுவாள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளம் வாங்கப் போன இடத்தில், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு தமிழ் அம்மாளுக்கு வாளிக் கணக்கெல்லாம் விளக்கி, அந்த அம்மாள் வாங்க வந்ததையே மறந்துபோகிற அளவுக்குப் பாடம் எடுத்தாள். மாடி வீட்டு அம்மாளுக்குப் பில் வந்துகொண்டுதான் இருந்தது. அவரிடம் இவள் ரொம்பக் கனிவாக நடந்துகொண்டாள். அந்தக் கனிவு அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

கடைசியில் அவளுக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது. பூஜ்ஜியம் சர்தார்ஜியின் பெயரில் இருந்தது.

"கஷ்டப்பட்டது நானு. பேரு அவருக்கா? ஆபீஸ்ல போயி என் பேருக்கு மாத்திருவோம்."

வீடு இருவர் பெயரிலும் இருந்ததால் அதில் சிக்கல் ஒன்றும் இல்லை. குளிர்காலம் தொடங்கியிருந்த ஒரு காலை, காகிதங்களை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஆபீசுக்குப் போனோம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சால்வை போர்த்திய ஓர் இளம்பெண் இருந்தார். வாங்கிப் பார்த்தார், கணினியில் தட்டினார். பழைய உரிமையாளரிடமிருந்து ஒரு சம்மதக் கடிதம் வேண்டும், மற்றபடி எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்.

என் மனைவி அங்கே வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டு, அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் போகலாமா? தன்னுடைய இந்தியில் சொன்னாள்: "எங்க வீட்டு பில் எப்பவும் ஜீரோதான், பாத்தீங்களாம்மா?"

அந்தப் பெண் திரும்பத் திரையைப் பார்த்தார். "ஜீரோ எங்கே ஆன்ட்டிஜி? ஒவ்வொரு தடவையும் அளவு தாண்டித்தான் பில் வந்திருக்கு. ஒவ்வொரு தடவையும் ஆன்லைன்ல கட்டியும் இருக்கீங்க. ஒரு தடவைகூடத் தேதி தாண்டினதில்லை. அதனால பாக்கி ஜீரோ."

"நாங்க கட்டலையே" என்றேன் நான்.

"யாரோ கட்டியிருக்காங்க" என்று சிரித்தார். "பில் போற மொபைல் நம்பர் உங்களோடதா பாருங்க." கடைசி நான்கு எண்களை வாசித்தார். என் மொபைலில் தேடிப் பார்த்தேன். சர்தார்ஜியின் எண்.

வீட்டுக்குத் திரும்பும்போது பேட்டரி ரிக்ஷாவில் அவள் காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "அப்ப அரிசி களைஞ்ச தண்ணி, மெஷின் தண்ணி எல்லாம் வீணா?" என்றாள்.

"வீண் எப்படி ஆகும்? சர்தார்ஜிக்குப் பில் கொறஞ்சிருக்கும்லா."

கோபித்துக்கொள்ளுவாள் என்று நினைத்தேன். முதலில் தோள்தான் குலுங்கிற்று. அப்புறம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ரிக்ஷாக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, விஷயம் தெரியாமலே அவரும் சிரித்தார்.

மாலையில் சர்தார்ஜிக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னதும், பிடிபட்டவர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆமா பாய்சாப், நான்தான் கட்டினேன். என் பேர் போட்டு மெசேஜ் வருதே. என் பேர்ல பாக்கி நிக்கலாமா? என் வயசுக்கு ஒரு பில்லும் தேதி தாண்டினது கிடையாது."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சர்தார்ஜி."

"முதல் தடவை, புதுசாக் குடிவந்திருக்கீங்க, ஆயிரம் செலவு இருக்கும்னு விட்டுட்டேன். அடுத்த தடவை எப்படிக் கேக்குறது? கேட்டா வசூலுக்கு வந்த மாதிரி ஆகாதா? அதுக்கப்புறம் பழகிப்போச்சு."

பின்னாலிருந்து அவர் மனைவி பஞ்சாபியில் ஏதோ சொல்லுவது கேட்டது. நல்லதாக எதுவும் சொல்லவில்லை என்பது மட்டும் புரிந்தது.

மறுவாரம் இருவரும் சம்மதக் கடிதத்தோடு வந்தார்கள். என் மனைவி தட்டில் பலகாரம் வைத்து, அதோடு பணத்தை ஒரு உறையில் போட்டு வைத்தாள். சர்தார்ஜி பலகாரத்தை எடுத்துக்கொண்டு உறையை என் பக்கம் தள்ளினார். நான் அவர் பக்கம் தள்ளினேன். அது மேஜையில் போவதும் வருவதுமாக இருந்தபோது அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"பஹன்ஜி, பணத்தை விடுங்க. காசு கட்டினது தண்ணிக்குத்தானே? தண்ணியாக் குடுங்க" என்றார். "நொய்டாவில வர்றது ஒரே உப்புத் தண்ணி. சோப்பு நுரைக்காது. இவரு தாடியைப் பாருங்க, தொடப்பம் மாதிரி ஆயிடுச்சு. என் தலையில பாதி முடி சீப்போட போயாச்சு. இங்கே இருந்த வரைக்கும் குழாயில வர்ற கங்கைத் தண்ணியில குளிச்சோம்."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் என் மனைவி அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஞாயித்துக்கிழமை வாங்க. ரெண்டு பேரும். எண்ணெய் தேச்சு, தலைக்கு ஊத்திக்கிட்டு, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

சர்தார்ஜி தாடியைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். எனக்கென்ன தெரியும்? நானும் தலையாட்டினேன்.

ஞாயிறு காலை நல்ல வெயில். நல்லெண்ணெய் காய்ச்சி வைத்திருந்தாள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய சீயக்காய்த் தூளை ஒரு கிண்ணம் நிறையக் கரைத்திருந்தாள். முதலில் சர்தார்ஜியின் மனைவி குளித்துவிட்டு, தலையில் துண்டோடு முகமெல்லாம் பளபளவென்று வந்தார். இவ்வளவு நாளும் ஒரு வாளியில் என்னை அடக்கி வைத்திருந்தவள், "இன்னும் ஊத்திக்குங்க, இன்னும் ஊத்திக்குங்க" என்று வெளியிலிருந்து அவரை ஊக்கப்படுத்திக்கொண்டிருந்ததை நான் கவனிக்காமல் இல்லை.

பிறகு சர்தார்ஜி உள்ளே போனார். இடுப்புவரை முடி. நீளத் தாடி வேறு. சீயக்காய் போகிறவரை அலச எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. பாட்டுப் பாடிக்கொண்டே குளித்தார். பாட்டு நடுவில் நின்றது.

"பாய்சாப்! பானி!"

மாடித் தொட்டி காலி. மோட்டாரைப் போட ஓடினேன். சரியாக அந்த நேரத்தில் மின்சாரம் இல்லை.

"பாய்சாப்! கண்ணு எரியுது!"

என் மனைவி, "ஐயையோ!" என்று சமையலறையில் இருந்த குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். கதவு ஒரு சாண் திறந்து, ஒரு கை வெளியே வந்து, குடத்தை வாங்கிக்கொண்டு மூடிற்று. அது போதவில்லை. சத்தம் கேட்டு மாடி வீட்டு வங்காளி அம்மாள் எட்டிப் பார்த்தார். யார் உள்ளே என்று கேட்டார். சொன்னோம். "நம்ம சர்தார்ஜியா!" என்று கூவிவிட்டு, ஒரு வாளித் தண்ணீரோடு இறங்கி வந்தார். எதிர்வீட்டுக்காரர் இரண்டு வாளி கொண்டுவந்தார். அவருடைய மகள் சுடச்சுட ஒரு கெட்டிலைக் கொண்டுவந்தாள். குளிர்காலமல்லவா, பச்சைத் தண்ணீரில் அங்கிள் விறைத்துப்போவார் என்றாள். குளியலறைக் கதவுக்கு முன்னால் வாளிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு வாளி உள்ளே போகும்போதும் சர்தார்ஜி உள்ளேயிருந்தே குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்து நலம் விசாரித்தார். எதிர்வீட்டுக்காரரின் முட்டிவலி, வங்காளி அம்மாளின் பேரன் படிப்பு, எல்லாம் கதவு வழியாகவே பேசி முடிந்தது.

மாடி வீட்டு அம்மாள் காலி வாளியை வாங்கிக்கொண்டு, "உங்க பூஜ்ஜியம் இந்தத் தடவை தேறாது போலிருக்கே?" என்று என் மனைவியைக் கேட்டார். இவள் ஒன்றையும் மறைக்காமல் முழுக் கதையையும் சொன்னாள். அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்குத்தான் அவர்கள் இருவரும் உண்மையாகச் சிநேகிதமானார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் மொட்டைமாடிக்குப் போனோம். பெண்கள் ஒரு பாயில் உட்கார்ந்து தேங்காய் எண்ணெயா, கடுகு எண்ணெயா என்று வழக்காடிக்கொண்டிருந்தார்கள். சர்தார்ஜி வெயிலுக்கு முதுகைக் காட்டி, முடியை விரித்துப்போட்டுக்கொண்டு ஆரஞ்சு உரித்துத் தின்றார். முடி காய்ந்ததும் அதை உச்சியில் முடிந்துகொண்டு, பையிலிருந்து மயில்நீலத் தலைப்பாகைத் துணியை எடுத்தார். அதை மடிக்க இன்னொரு ஆள் வேண்டும். மனைவியைக் கூப்பிட்டார், அவர் எண்ணெய் வழக்கை விட்டு எழுந்து வருவதாக இல்லை.

"பாய்சாப், நீங்க பிடிங்க" என்று ஒரு நுனியை என் கையில் கொடுத்துவிட்டு, மறுநுனியோடு பின்னாலேயே நடந்துபோனார். மாடியின் இந்தக் கைப்பிடிச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை துணி நீண்டுகொண்டே போயிற்று. நான் தப்பான பக்கம் மடித்தேன். அவர் அங்கிருந்து கத்தினார். மறுபடி பிரித்து, மறுபடி மடித்தேன்.

"இழுங்க பாய்சாப், பயப்படாதீங்க. நல்லா இழுங்க!"

இழுத்தேன். அவரும் இழுத்தார். காற்றில் நடுவே தொய்ந்து கிடந்த துணி, சட்டென்று விறைத்து நேராக நின்றது.