அண்ணன் வண்டியின் சத்தம்

மரச்சுத்தியால் டாஷ்போர்டில் ஒரு தட்டு. காதை ஒட்டவைத்துக் கேட்கிறார். இன்னொரு தட்டு. உதட்டைப் பிதுக்குகிறார். டாஷ்போர்டில் உள்ள சிறு பெட்டியின் மூடியை இறக்கி, கீலின் திருகாணியைக் கால் சுற்று தளர்த்தி, மறுபடி தட்டுகிறார். "இப்ப ஆடுது. ஆனா இது வேற ஆட்டம்" என்கிறார், தலையைத் தூக்காமல்.

தெருவில் இவருக்குப் பெயர் காதுக்காரர். ஐம்பத்தாறு வயது. கடைத்தெரு மாடியில் ஒரு சிறிய அறை. காது மந்தமானவர்களைச் சோதித்துக் கருவி பொருத்துவது தொழில். பத்து மணி முதல் ஐந்து வரை மற்றவர்களின் காதுக்கு. அதன்பிறகு, வீட்டின் பக்கவாட்டில் தகரக் கூரைக்கடியில் நிற்கும் வண்டிக்கு.

ஐம்பத்தெட்டாம் வருடத்து அமெரிக்கக் கார். படகு நீளம், பின்னால் மீன் துடுப்பு போல இரண்டு இறக்கைகள், எட்டு சிலிண்டர். இப்படிப்பட்ட வண்டியை வீட்டில் வைத்துச் சீராக்குகிறவர்கள், அது தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த நாளுக்கு அதைத் திருப்பிக் கொண்டுபோகப் பார்ப்பார்கள். காதுக்காரர் கொண்டுபோகப் பார்ப்பது பதினான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு வியாழக்கிழமைக்கு. அன்று மாலை அவருடைய அண்ணன் பெட்ரோல் போட்டு வருகிறேன் என்று இந்த வண்டியில் போனார். ஏரிக்கரைச் சாலையில் வண்டி கிடைத்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. விளக்குகள் எரிந்தன. டாங்க் நிறைந்திருந்தது. அண்ணன் இல்லை. ஏரியில் தேடினார்கள், அங்கும் இல்லை.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் இரண்டு வருடம் மழையும் வெயிலும் தின்ற பிறகு வண்டி வீடு திரும்பியது. அதே வீட்டில் இருக்கும் அண்ணி இன்றுவரை வெளிக் கேட்டைத் தாழ் போட விடுவதில்லை. வெளியூரில் இருக்கும் மகள் தன்னோடு வந்துவிடச் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துவிட்டாள். போன வருடம் அண்ணி ஒரு நிபந்தனை வைத்தார். "அதே சத்தத்தோட வண்டி ஒரே ஒரு தடவை கேட்டுக்குள்ள வரட்டும் தம்பி. வந்தும் அவர் இறங்கலேன்னா, அன்னிக்கே பெட்டியைக் கட்டிடறேன்."

காதுக்காரர் அதை வாக்காக எடுத்துக்கொண்டார். துரு போய்விட்டது, பெயிண்ட் அடித்தாயிற்று, எஞ்சின் ஓடுகிறது. வராதது சத்தம்தான். ஆரம்பத்தில் ஆசை ஆசையாக டாஷ்போர்டுப் பெட்டியின் மூடிக்குப் புது ரப்பர் ஒட்டினார். பழைய கடகடப்பு செத்துப்போனது. "நல்லாச் செஞ்சதுதான் தப்பாப் போச்சு" என்கிறார். அதைத் திரும்பப் பிடிக்கவே எட்டு மாதம். புது சைலன்சரைத் தூக்கிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போய் ஓட்டை போடச் சொன்னபோது, பட்டறைக்காரர் பீடியை அணைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்திருக்கிறார். "சத்தம் போகணும்னுதான் எல்லாரும் வருவாங்க. சத்தம் வேணும்னு வந்த மொத ஆளு நீங்கதான் சார். காது நல்லாத்தானே இருக்கு?"

சோதிப்பது தொழில்முறையில். அண்ணியை ஸ்டூலில் முதுகு காட்டி உட்காரவைத்து எஞ்சினை ஓட்டுவார். சரியாகக் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். "இல்ல தம்பி. கேட் கிட்ட வந்ததும் ஒரு இருமல் இருமும்." நன்றாக ஓடிய கார்புரேட்டரைக் கலைத்து இருமவைத்தார். விரல் எழவில்லை. "இருமுது. ஆனா உங்க அண்ணன் மிதிக்கற மாதிரி இல்ல."

அதன்பிறகு மிதிக்கப் பழகினார்.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கேலிக்காரர், வண்டியைச் சக்களத்தி என்றுதான் குறிப்பிடுவார். இந்த விஷயத்தில் மட்டும் என்னிடம் குரலைத் தாழ்த்துகிறார். "இவர் மாடிப்படியில தடதடன்னு ஏறுவார் சார். ஒரு மாசமா நின்னு நின்னு ஏறறார். அது இவர் நடை இல்ல. அவங்க அண்ணன் நடை."

"கிளட்ச்சுல அண்ணன் மாதிரி கால் வச்சுப் பழகினேன். இப்ப காலு மறக்க மாட்டேங்குது, அவ்ளோதான்" என்று காதுக்காரர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

நான் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றரைக்குக் காதுக்காரர் வண்டியைத் தெருவில் இறக்கினார். நானும் அவர் மனைவியும் சமையலறையில் இருந்தோம். அண்ணி எங்களுக்கு முதுகைக் காட்டி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். தெருமுனையில் எஞ்சின் திரும்பியது. கத்தி நின்றது. மூடியின் கடகடப்பு நெருங்கி வந்தது. கேட்டருகே ஒரு இருமல். பிறகு இரண்டு சின்ன மிதி.

"இதுதான்" என்றார் அண்ணி, யாரிடமும் இல்லாமல். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். நாங்களும் பின்னாலேயே வாசலுக்குப் போனோம்.

வண்டி முற்றத்தில் நின்றுவிட்டது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. முன்கண்ணாடி முழுக்க வெயில். உள்ளே ஒரு தோளும் ஸ்டீயரிங் மேல் இரண்டு கைகளும் மட்டும் தெரிந்தன. அண்ணி கதவிலிருந்து ஓரடி தள்ளி, ஒரு ஆள் இறங்க வழிவிட்டு நின்றார். கதவு திறக்கவில்லை.

"இறங்குங்களேன்" என்றார் மனைவி, என் பக்கத்திலிருந்து, கேட்காத அளவுக்கு மெதுவாக. இறங்கினால் முடிந்தது. இறங்குகிறவர் தம்பி. அண்ணி பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அண்ணி குனிந்து ஜன்னலைப் பார்த்தார். அரை மணி நேரம் தாமதமாக வந்தவரிடம் பேசும் குரலில், "ஏங்க, பெட்ரோல் போட இவ்வளவு நேரமா?" என்றார்.

காதுக்காரர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒவ்வொரு கையாக எடுத்தார். எஞ்சினை அணைக்காமல், அந்த நீண்ட முன்சீட்டில் மெல்ல நகர்ந்து மறுகோடிக்குப் போய், ஓட்டுகிறவர் இடத்தைக் காலியாக விட்டு, நேராகப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார்.