அப்பா பொறுக்கிய வெள்ளித்தாள்

எங்கள் வீட்டுக் கிறிஸ்மஸ் குடிலில் கடையில் வாங்கியது என்று எதுவும் இருக்காது. பியூஸ் போன பல்பில் சின்னாளபட்டித் தறிகளின் கழிவு நூலைச் சுற்றித் தொங்கவிடுவோம். காலித் தீப்பெட்டிகளைக் கஞ்சிப்பசையால் ஒட்டினால் பாலன் இயேசு படுக்கும் தொட்டி. நட்சத்திரத்துக்கு மட்டும் அப்பாவை நம்பியிருந்தோம். அவர் குடிக்கும் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளை, கிறிஸ்மஸுக்கு நான்கு வாரம் முந்தி ஆகமன காலம் பிறந்ததும் சேர்க்கத் தொடங்குவோம். அக்கா அதை நகத்தால் நீவி, செபப் புத்தகத்துக்குள் வைப்பாள்.

அந்த வருஷம் ஆகமனத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்து வந்த அப்பா மாதா சுரூபத்தின் முன் மெழுகுவத்தி ஏற்றினார். இனி சிகரெட்டைத் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தார். அவருடைய இருமலுக்காக அம்மா எத்தனையோ நாள் செபமாலை சொல்லியிருந்தாள். கண்ணீரே வந்துவிட்டது அவளுக்கு.

அக்காவுக்கும் வந்தது.

"கிறிஸ்மஸ் கழிச்சு விட்டிருக்கக் கூடாதாப்பா?"

அம்மா கரண்டியோடு வந்தாள். "ஏன்டி, ஒனக்கு அப்பன் நெஞ்ச விட நட்சத்திரம் பெருசாப் போச்சா?"

அப்பா சிரித்ததோடு சரி.

பழனி பஸ்ஸில் அவர் கண்டக்டர். கிறிஸ்மஸ் நெருங்கிய ஒரு சாயங்காலம், துவைக்க எடுத்த அவருடைய காக்கிச் சட்டையை அம்மா முகர்ந்து பார்த்தாள். பைக்குள் கையை விட்டாள். ஒரு சிகரெட் பெட்டி வந்தது. காலிதான். அதைக் கையில் பிடித்தபடி மாதா முன் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

கிணற்றடியில் கால் கழுவிவிட்டு வந்த அப்பா அதைப் பார்த்தார். டிக்கெட் பையை எடுத்துத் தரையில் கவிழ்த்தார். நசுங்கியதும் மிதிபட்டதுமாகக் காலிப் பெட்டிகள் குவிந்தன. ஒன்றில் வெற்றிலை எச்சில்கூட.

"இம்புட்டையும் நானே குடிச்சிருந்தா இந்நேரம் கல்லறையிலல்ல இருப்பேன்? ஒட்டன்சத்திரத்துல சீட்டுக்கடியில குனிஞ்சு பொறுக்குறேன், டிரைவர் கேக்குறாரு, 'ஏனுங்க, காசத் தொலைச்சுப் போட்டீங்களா?'ன்னு."

அம்மா எழுந்தாள். "எங்க, ஊதுங்க."

எங்கள் எதிரிலேயே அப்பா குனிந்து அவள் முகத்தில் ஊதினார். அம்மா கண்ணை மூடி, மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

"வெங்காயம்," என்றாள். பிறகு எங்களோடு தரையில் உட்கார்ந்து, எச்சில் பட்ட பெட்டியை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றிலிருந்து வெள்ளித்தாளைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

மூங்கில் சிம்பில் கட்டிய நட்சத்திரம் அந்த வருஷம்தான் இடைவெளியே இல்லாமல் பளபளத்தது. கிட்டத்தில் போனால் லேசாகப் புகையிலை மணம். மற்ற வருஷங்களில் அவசரமாகச் சிலுவை போட்டுவிட்டுப் போகும் அப்பா, அந்தக் கிறிஸ்மஸுக்குக் குடிலருகே நெடுநேரம் நின்று செபித்தார். அம்மா ரெண்டு நாள் பொறுத்தாள்.

"செபம் பண்ணது போதும். செத்த தள்ளி நில்லுங்க."