பெட்டிக்கு விரித்த துணி

வெள்ளிக்கிழமையானால் குண்டசாலை வீட்டின் முன்னறையை ஞானேஸ்வரி துடைப்பாள். அன்று டீவியைத் துடைத்து, அதன் பின்னல் துணியை உதறிப் போட்டவள், புதிதாக வந்திருந்த பெரிய ஸ்பீக்கர் பெட்டியையும் விடவில்லை. அலுமாரியிலிருந்து தடித்த பூத்துணியொன்றை எடுத்து விரித்தாள். முன்பக்கம் அது தரைவரை தொங்கியது. மேலே மகளின் பட்டமளிப்புப் படமும் பூச்சாடியும் ஏறின.

அந்த வீட்டில் துணி மூடாத பொருள் குறைவு. அதனால் மாலையில் கிட்டாரோடு வந்து உட்கார்ந்த கணவர் பழனியாண்டியின் கண்ணில் அது படவேயில்லை.

நாவலப்பிட்டியில் பிறந்து, கண்டி மாநகர சபையில் லிகிதராக எழுத்து வேலை பார்ப்பவர். வார இறுதிகளில் கலியாண வீடுகளில் ஓர் இசைக்குழுவோடு வாசிப்பார். தலை நரைத்துவிட்டது, இன்னும் கிட்டாருக்கென்று சொந்தமாக ஒரு பெட்டி இல்லை. மண்டபத்தில் கொடுக்கிற பெட்டியில் இரவல் குரலில் பேசிப் பேசி அலுத்துவிட்டது. மேடைக்கும் ஒலிப்பதிவுக்கும் ஒன்றே உதவ வேண்டும் என்று தேடினார். கடைக்காரர் தெரிந்தவர் என்பதால் வாசித்துப் பார்க்க இரண்டைக் கொடுத்தார். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திங்கட்கிழமை திருப்ப வேண்டும், பிறகு மாற்ற முடியாது.

பெரியதில் இரண்டு ஸ்பீக்கர், முதுகு மூடியது, தூக்க இரண்டு பேர் வேண்டும். சின்னதில் ஒன்று, முதுகு திறந்தது, முச்சக்கர வண்டியில் மடியிலேயே வைத்துக்கொள்ளலாம்.

அக்கம்பக்கத்துக்காக அடக்கித்தான் வாசித்தார். பெரியது கித்துள் பனையின் பாணிபோல் கெட்டியாய், தித்திப்பாய் வழிந்தது. அதன் பக்கத்தில் சின்னது வெறும் தேத்தண்ணியாக இருந்தது. சனிக்கிழமையும் அப்படியே. முடிவு செய்துவிட்டார்.

ஞாயிறு காலை ஞானேஸ்வரி மேலிருந்தவற்றை எடுத்துவைத்தாள். அயலவர் ஒருவர் கைகொடுக்க, பெரிய பெட்டியை வேனில் ஏற்றி மடவளைக்குப் போனார். அங்கே ஜெஸீமா தன் வீட்டுப் பின்னறையில் ஸ்டூடியோ நடத்துகிறாள். கோயில் திருவிழாவுக்குக் குழு பாடும் பக்திப் பாட்டுக்கு அவள்தான் ஒலிப்பதிவு. பழனியாண்டி தந்தியைத் தட்டியதும் ஜெஸீமா ஹெட்போனைக் கழற்றினாள்.

"என்ன அண்ணன், ஊசியால குத்துற மாதிரி இரிக்கி."

மைக்கை ஸ்பீக்கரின் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிப் பார்த்தாள். குத்தல் குறைந்தது. ஆனால் வீட்டில் கேட்ட அந்தக் கித்துள் தித்திப்பு எங்கே?

"வீட்டுல இப்படி இல்லைங்க. கொஞ்சங்கூட இப்படி இல்ல."

"வீட்டுல எப்படி வச்சிருந்தீங்க?"

யோசித்தார். சட்டென்று பூச்சாடி நினைவுக்கு வந்தது. போனை எடுத்தார்.

"ஞானேசு, நான் வாசிக்கையில பெட்டி மேல துணி கெடந்துச்சா?"

"கெடக்காம? தூசி ஏறாதா? டீவிக்குந்தான் போட்டிருக்கேன், அது பாடலியா?"

பக்கத்தில் நின்ற ஜெஸீமாவுக்கு எல்லாம் கேட்டது. "அப்ப உங்களுக்குப் புடிச்சது பெட்டி இல்ல அண்ணன், மதினிட துணி."

"துணியையும் மேடைக்குக் கொண்டு போயிடவா?"

"மேச விரிப்புன்னு நெனச்சு அதுல சோத்துச் சட்டிய வச்சிருவாங்க."

பதிவு அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிப்போனது. பழனியாண்டிக்கு வெட்கமாக இருந்தது. பெட்டியைத் திருப்பும் நாளுக்கு முன்பே தெரிந்ததே என்று ஆறுதலாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்து இரண்டு பெட்டியையும் இரண்டு கதிரைகளில் துணியில்லாமல் வைத்தார். இம்முறை அடக்கவில்லை. பெரியது நேரே நெஞ்சில் இடித்தது. முன்வரிசைக்காரர் காதைப் பொத்துவார்கள், பக்கவாட்டில் இருப்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது. சின்னது முன்னாலும் பின்னாலும் விட்டு அறையெங்கும் பரவியது. அழுத்தி மீட்டினால் சற்றுக் கரகரத்தது, தணித்தால் கூடவே தணிந்தது. அன்று வெறும் தேத்தண்ணியாகத் தோன்றியதே, வாயில் கருப்பட்டித் துண்டு இருக்கும்போது அதற்குத் தனி ருசி. பெரிய மண்டபமென்றால் முன்னால் ஒரு மைக்கை வைத்தால் போதும். யாரையும் கூப்பிடாமல் தானே தூக்கிக்கொண்டு போகலாம்.

"இது நிக்கட்டும். பெருசு நாளைக்குப் போயிரும்" என்றார்.

வாசலில் நின்ற ஞானேஸ்வரி உள்ளே வந்தாள். பூத்துணியை நாலாக மடித்து, முன்பக்கம் தொங்காமல் சின்னப் பெட்டியின் தலையில் அளவாக வைத்தாள். அதன்மேல் பூச்சாடி. சற்றுத் தள்ளி நின்று பார்த்து, ஒரு விரலளவு நகர்த்தினாள்.

"சத்தமா வாசிச்சா ஆடி விழுந்துருமே, ஞானேசு?"

அவள் கதிரைக்கடியில் கிடந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள்.