செவ்வாய்க்கிழமை பாக்கலாம்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடற்கரையில் ஒரு வள்ளமும் கடலில் இறங்காது. ஊரே பூசை கண்டுவிட்டு வந்து காலை நீட்டிப் படுத்திருக்கும். ஏசுஅடிமைக்கு மட்டும் அன்றைக்குத்தான் இடுப்பொடியும் வேலை. சேலம், ஈரோட்டிலிருந்து சுற்றுலா பஸ்கள் வந்து நிற்கும். குளிக்கிறவர்களைக் காக்கும் லைஃப் கார்டு அவர். அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் பதினோரு வருஷமாக நான் சுக்குக்காப்பி விற்கிறேன். அவர் ஊதுகிற விசிலைக் கேட்டே என் காது பாதி போய்விட்டது.

முதுகெலும்பு விலகிய பிறகு வள்ளத்தை விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். கடலில் சும்மா நின்று சிரிப்பது என்ன சுகம் என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை. "எட்டு மணிக்கூர் பஸ்ஸுல இருந்து வந்து உப்புத்தண்ணி குடிச்சிட்டுப் போறதுக்கு இம்புட்டு சந்தோசமா?" என்பார். சொல்லி முடிப்பதற்குள் கொட்டாவி வந்துவிடும்.

குளிக்கிறவர்களின் முகத்தை அவர் பார்ப்பதில்லை. உடுப்பின் நிறத்தைத்தான் எண்ணுவார். நீலச் சட்டை மூன்று, சிவப்பு நைட்டி ஒன்று, கோடு போட்ட பனியன் இரண்டு. "மொகத்தப் பாத்தா எண்ணிக்கை தெத்திப் போவும்" என்பது அவர் தொழில் ரகசியம். இப்படிப் பார்த்துப் பார்த்து, சாயங்காலம் வீட்டுக்குப் போனால் பெண்டாட்டி முகத்தைக்கூடப் பார்க்கத் தெம்பு இருக்காது.

பெண்டாட்டி வேளாங்கண்ணிக்கு ஐம்பத்துநாலு வயது. அலைச் சத்தம் கேட்கும் வீட்டில் பிறந்து, அதே சத்தம் கேட்கும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். ஆனால் முழங்காலுக்கு மேல் கடல் தண்ணீர் பட்டதில்லை. மீன் வாங்க, கூடை கழுவ என்று விளிம்புவரை போவாள், வருவாள். எங்கள் ஊர்ப் பெண்கள் கடலில் குளிக்கிறதில்லை. குளித்தால் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள், அவ்வளவுதான் காரணம். நல்ல காரணம்!

அவளுக்கு மூட்டு தேய்ந்துபோனது. நாகர்கோவில் டாக்டர் அடுத்த மாதம் அறுவை சிகிச்சை என்று சொன்ன அன்றைக்கு, பஸ்ஸில் வரும்போதே கேட்டுவிட்டாள்.

"இஞ்சேருங்க, பிறவு மணல்ல நடக்க ஒக்காதாம். அதுக்கு முன்னால ஒருக்கா என்னைக் கையப் பிடிச்சு கடலுல எறக்கி விடணும். அந்த சேலத்துக்காரிக நிக்காளுவளே, அதுபோல."

"செவ்வாய்க்கிழமை பாக்கலாம் ஏட்டி" என்றார் இவர். செவ்வாய்தான் அவருக்கு விடுப்பு.

மூன்று செவ்வாய் போனது. மூன்றிலும் மனுஷர் சுவரைப் பார்த்துப் படுத்துத் தூங்கினார். அவரைக் குற்றம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. ஆறு நாள் கடலையே பார்க்கிறவனை ஏழாம் நாளும் கடலுக்குக் கூப்பிட்டால் எப்படி? ஆனாலும் அவள்மேல்தான் எனக்கு இரக்கம் அதிகம்.

போன ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம். பதினொரு மணிக்கு மேல் நீரோட்டம் திரும்பி மேற்கே இழுக்க ஆரம்பித்தது. ஏசுஅடிமை எழுந்து விசிலை ஊதினார். எல்லாரும் பின்வாங்கினார்கள். பெண்கள் கூட்டத்தின் ஓரத்தில், துப்பட்டாவைத் தலையோடு சுற்றிக் கட்டிய ஒருத்தி மட்டும் நெஞ்சளவு தண்ணீரில் அசையாமல் நின்றாள்.

"மஞ்சள் சுடிதார் மேடம்! வெளிய வாங்க! உங்களைத்தான்! சொன்னா கேக்க மாட்டீங்களா?"

வெளியூர்க்காரர்களிடம் பேசுகிற திருத்தமான தமிழில் கத்தினார். மறுபடியும் விசில். அந்த அம்மாள் திரும்பாமலே பக்கவாட்டில் நடந்து, காலை இழுத்து இழுத்துக் கரையேறிப் போனாள். "திமிரப் பாத்தீராவே?" என்று என்னிடம் சொல்லிவிட்டு நிறங்களை எண்ணப் போய்விட்டார்.

சாயங்காலம் அவர் வீட்டுக் கொடியில் மஞ்சள் சுடிதார் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. மருமகள் அபினாவுடையது. மடிப்பெல்லாம் கடல் மணல். அபினாவோ நாலு நாளாகத் தக்கலையில் தாய்வீட்டில் இருக்கிறாள். ஊர்க்காரர் கண்ணில் படக்கூடாது என்று மருமகள் உடுப்பைப் போட்டு, வெளியூர்க்காரிகளோடு கலந்து இறங்கியிருக்கிறாள் வேளாங்கண்ணி. முற்றத்தில் நின்றபடியே இவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இதை அவரே என்னிடம் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் முகம் கழுவி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அடுக்களை வாசலில் போய் நின்றிருக்கிறார்.

"ஏட்டி, வா. கடலுக்குப் போவம்."

வேளாங்கண்ணி முக்காலியில் உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"வேண்டாம். முட்டு வீங்கிப் போச்சு, இனி மணல்ல எறங்க ஒக்காது. நான் ஞாயிற்றுக்கிழமையே குளிச்சாச்சு."

அவர் துண்டை மடித்தார், விரித்தார், மறுபடியும் மடித்தார். பிறகு கேட்டார்:

"எப்படி இருந்துது?"

"நல்லா இருந்துது" என்றாள், உள்ளியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க விசில் ஊதுற வரைக்கும்."