பாலன்ஸ் பார்க்காதவர்கள்

எங்கள் வங்கியின் கண்காணிப்பு அறையில் அவளுக்குப் பூட்டக்கா என்று பெயர். போன வருஷம் ஒரு சலுகை அறிவிப்பைப் பார்த்து ஜனங்கள் ஒரே நேரத்தில் செயலிக்குள் நுழைய, தாக்குதல் என்று பயந்து செயலியையே பூட்டிவிட்டாள். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலை இல்லை என்று மேலிடம் சொல்லிவிட்டது. கணவருக்கு வேலை போய், வீடே அவள் சம்பளத்தில்தான் ஓடியது.

கிளையில் கவுன்டரில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவள். திரையில் ஓடுவதை நாங்கள் எண்களாகப் பார்ப்போம்; அவள் வரிசையில் நிற்கும் ஆட்களாகப் பார்ப்பாள். "இவர் அவசரக்குடுக்கை", "இந்தம்மா மறுபடியும் பாஸ்வேர்டை மறந்துட்டாங்க" என்று ஓயாமல் முணுமுணுப்பாள். பக்கத்து நாற்காலிக்காரனான எனக்குத் தலைவலிதான் மிச்சம்.

அன்று சம்பள நாள். திடீரென்று அவள் பேச்சு நின்றது.

"இங்க பாருங்க. கொஞ்சம் பேர் ஒரே மாதிரி உள்ள வர்றாங்க, புதுசா ஒரு கணக்கைச் சேர்க்குறாங்க, நேரா பணம் அனுப்பப் போறாங்க. ஒருத்தர்கூட பாலன்ஸ் பாக்கல."

"அதனால என்ன?"

"சம்பளம் வந்த அன்னிக்கு பாலன்ஸ் பாக்காத மனுஷன் உண்டா?"

எனக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து நானே எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

மேனேஜரிடம் ஓடினாள். "பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாம் சரியா இருக்கேம்மா" என்றார் அவர்.

"திருடி வச்சிருக்கிறவன் சரியாத்தானே சார் போடுவான்? பணம் அனுப்புறதை மட்டும் நிறுத்துங்க. தப்பாப் போனா என் தலையில போடுங்க."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு நிறுத்தச் சொன்னார். அந்தக் கணக்குக்காரர்களில் ஒருவருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடவுளே, இது திருட்டாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் புத்தியைப் பாருங்கள்.

"யாருங்க? நான் பஸ் டிரைவர். இப்பதான் வண்டியை நிறுத்தினேன்."

"வங்கியிலேர்ந்து பேசுறோம்ணே. நம்ம செயலியில புதுசா யாருக்காவது பணம் அனுப்புறீங்களா?" என்றாள் பூட்டக்கா.

"நானா? காலைலேர்ந்து போனையே தொடலையே!"

"அப்பாடா! திருட்டுதான் சார், திருட்டேதான்!" என்று கத்திவிட்டாள். நான் கை தட்டினேன். மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார்.

"என்னங்க இது, என் பணம் திருடு போச்சா? அதுக்கு எதுக்குங்க கை தட்டுறீங்க?"

பூட்டக்கா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "போகலண்ணே. ஒரு பைசாகூட போகல" என்றவள் விம்மி விம்மி அழுதாள்.

"அட, அழாதீங்கம்மா" என்று பதறினார் டிரைவர். "அதான் ஒண்ணும் போகலையே!"